ஒரு புள்ளி யாருக்குக் குறைந்தது? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ புரொஃபைலில் வாக்குக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

நிரல் எழுதுபவர்களுக்கான கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதில் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு பதில் எழுதுகிறீர்கள். ஒருவர் வந்து, "இது பழைய முறை, இப்போது யாரும் இப்படிச் செய்வதில்லை" என்று கீழே கமென்ட் போட்டுவிட்டுப் போகிறார். கொஞ்ச நேரத்தில் உங்கள் பதிலுக்குப் பக்கத்தில் −1. யார் போட்டது? தளம் சொல்லாது, வாக்கு ரகசியம். ஆனால் மனசு கேட்குமா? கமென்ட் போட்டவரின் புரொஃபைலைத் திறந்து பார்க்கிறீர்கள். அவர் இதுவரை போட்ட அப்வோட் (ஆதரவு வாக்கு) இத்தனை, டவுன்வோட் (எதிர் வாக்கு) இத்தனை என்று அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. நேற்று அந்த எண் என்னவாக இருந்தது என்று தெரிந்திருந்தால் எவ்வளவு வசதி என்று ஒரு கணம் தோன்றும். தோன்றாதவர்கள் நல்லவர்கள். எனக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த எண்ணைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. ஒருவர் மற்றவர்களின் பதிவுகளுக்கு எத்தனை தடவை மேல் அம்பை அழுத்தினார், எத்தனை தடவை கீழ் அம்பை அழுத்தினார் என்ற கூட்டுத்தொகையை ஊரறியக் காட்டலாமா? ஒரு பதிவு எத்தனை வாக்கு வாங்கியது என்பது வேறு வழக்கு. 2021 நவம்பரில் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தபோது நடந்த சண்டை அந்த வழக்கைச் சேர்ந்தது. அது வீடியோவுக்கு விழுந்த வாக்கு. நாம் பார்க்கப்போவது வாக்குப் போட்ட கையை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பாதி விவாதங்கள் வீணாகின்றன.

தளம் எப்படி இயங்குகிறது

ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008 செப்டம்பரில் இந்தத் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மன்றங்களில் சரியான பதில் ஏழாம் பக்கத்தில், "எனக்கும் இதே பிரச்சினை", "நன்றி நண்பரே" என்ற வரிகளுக்கு நடுவில் புதைந்து கிடக்கும். வாக்கு வந்ததும் நல்ல பதில் மேலே ஏறியது. தளத்தின் முழு எந்திரமும் வாக்கில்தான் ஓடுகிறது.

எல்லாருக்கும் எடுத்த எடுப்பில் வாக்கு கிடைக்காது. 15 மதிப்புப் புள்ளி சேர்ந்தால் அப்வோட் போடலாம். டவுன்வோட் போட 125 வேண்டும். ஒரு நாளைக்கு 40 வாக்குக்கு மேல் கிடையாது. அப்வோட் வாங்கியவருக்கு 10 புள்ளி வரும் (கேள்விக்கு முன்பு 5 தான், 2019 நவம்பரில் 10 ஆக்கினார்கள்). டவுன்வோட் வாங்கினால் 2 புள்ளி போகும். ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டால் போட்டவருக்கும் 1 புள்ளி போகும். கையிலிருந்து காசு போனால் கோபத்தில் கண்டபடி அழுத்தமாட்டார்கள் என்ற கணக்கு. கேள்விக்கு டவுன்வோட் போட 2011 முதல் செலவு இல்லை.

ஒவ்வொரு வாக்கும் ரகசியம். தளத்தின் மட்டுறுத்துநர்களால்கூட, அதாவது சமூகமே தேர்ந்தெடுத்த மாடரேட்டர்களால்கூட, இன்னார் இந்தப் பதிவுக்கு இன்ன வாக்குப் போட்டார் என்று பார்க்க முடியாது. இரண்டு கணக்குகளுக்கு இடையே சந்தேகப்படும்படி வாக்கு குவிந்திருந்தால் அந்தப் போக்கைக் காட்டும் கருவி மட்டும் அவர்களிடம் இருக்கிறது. ஒருவரையே குறிவைத்து வரிசையாகப் போடப்படும் வாக்குகளைத் தினமும் ஒரு நிரல் தேடிப்பிடித்து ரத்து செய்துவிடும்.

இதில் அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்று பார்க்க, தளம் பொதுவில் கொடுக்கும் தரவுத் தொகுப்பைத் திறக்க வேண்டும். அதில் வாக்குகளுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. எந்தப் பதிவுக்கு, எந்த வகை வாக்கு, என்று விழுந்தது என்பது அதில் இருக்கும். போட்டவர் யார் என்ற பத்தி மட்டும் சாதாரண வாக்குகளுக்குக் காலியாக இருக்கும். தேதி இருக்கும், மணி நிமிடம் இருக்காது. வேண்டுமென்றேதான் வெட்டியிருக்கிறார்கள். நேரம் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே தொகுப்பில் பயனர்களுக்கான அட்டவணைக்கு வாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு பத்திகள்: இவர் போட்ட மொத்த அப்வோட், இவர் போட்ட மொத்த டவுன்வோட். கதவுக்குப் பூட்டு, ஜன்னலுக்குக் கொக்கிகூட இல்லை.

மூன்று ஓட்டைகள்

முதல் ஓட்டை அந்தக் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையைக் காட்டினால் தனி வாக்கு தெரியாது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஒருமுறை மட்டும் பார்த்தால் சரிதான். இரண்டு முறை பார்த்தால் கதை மாறிவிடும். நேற்று 212, இன்று 213 என்றால், இடையில் இவர் போட்ட டவுன்வோட் ஒன்றே ஒன்று. அதே இடைவெளியில் என் பதிலுக்கு ஒன்று விழுந்திருக்கிறது, இவர் அங்கே கமென்ட்டும் போட்டிருக்கிறார். கோர்ட்டில் நிற்காத சாட்சியம், ஆனால் மனஸ்தாபத்துக்கு இது போதும்.

இரண்டாவது ஓட்டை அந்த ஒரு புள்ளி. பதிலுக்கு டவுன்வோட் போட்டால் 1 குறையும் என்று மேலே சொன்னேன். ஒருவருடைய மொத்த மதிப்புப் புள்ளி எல்லார் கண்ணுக்கும் தெரியும், அவர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். புள்ளி ஏறி இறங்கும் மற்ற வழிகளை எண்ணிப் பாருங்கள்: அப்வோட் 10, பதில் ஏற்கப்பட்டால் 15, அடுத்தவர் பதிலை ஏற்றால் 2, வாங்கிய டவுன்வோட் −2. சரியாக ஒன்று மட்டும் குறைவதற்கு, டவுன்வோட் போட்டதைத் தவிர ஏறக்குறைய வேறு காரணமே இல்லை. 4,812 இருந்தவர் 4,811 ஆனால், அவர் எங்கோ ஒரு பதிலுக்குக் கீழ் அம்பை அழுத்தியிருக்கிறார். அந்த ஒரு புள்ளி அபராதத்தை நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். ரகசிய வாக்குக்கு ரசீது அடித்துக் கொடுத்துவிட்டது.

மூன்றாவது, சொன்னால் சிரிப்பு வரும், பேட்ஜ். முதல் டவுன்வோட் போட்டவருக்கு ‘கிரிட்டிக்’ என்ற பேட்ஜ் கிடைக்கும். யாருக்கு எப்போது எந்தப் பேட்ஜ் கிடைத்தது என்பது பொதுப் பட்டியல். ஆக, புதிதாக 125 புள்ளியைத் தொட்ட ஒருவர் தயங்கித் தயங்கி வாழ்க்கையின் முதல் டவுன்வோட்டைப் போட்டதும், தளமே அவர் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டி, தேதியும் எழுதி வைக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. வாரத்துக்கு ஐம்பது டவுன்வோட் போடும் பழைய ஆளுக்கு இந்த ஓட்டைகளால் ஒரு பாதிப்பும் இல்லை. அவருடைய எண் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் எந்த ஒன்று என்னுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமே அவருக்கு மறைவு. எப்போதாவது, மாதத்துக்கு ஒன்று போடுபவருக்குத்தான் ஆபத்து. அவருடைய எண் மாதக்கணக்கில் அசையாமல் இருந்து, ஒரு நாள் ஒன்று கூடினால் அது அப்பட்டமாகத் தெரியும். புதியவர், தயங்குபவர், உண்மையிலேயே மோசமான பதிலைப் பார்த்தால் மட்டும் அழுத்துபவர். எந்தச் சமூகத்துக்கும் இவர்களுடைய வாக்குதான் வேண்டும், இவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். புரொஃபைலில் வாக்குக் கணக்கு வைப்பதைப் பற்றிய வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது இதுதான்.

கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும் என்பது நமக்கு ஒன்றும் புதிய சங்கதி இல்லை. இந்தியத் தேர்தலில் வாக்கு ரகசியம், ஆனால் எண்ணிக்கை பூத் வாரியாக வெளியாகிறது. ஒரு பூத்துக்கு ஆயிரம் பேர், கொஞ்சம் முன்னே பின்னே. "அந்தத் தெரு நமக்குப் போடலை" என்று கட்சிக்காரர் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்; அப்புறம் அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வர எத்தனை வருஷம் ஆகும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். பல இயந்திரங்களின் வாக்குகளை, 14 வரை, ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்வைத்தது. 2015-ல் சட்ட ஆணையமும் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. நடைமுறைக்கு மட்டும் வரவில்லை.

‘49 ஓ’ என்ற தேர்தல் விதி இன்னும் நெருக்கமான உதாரணம். யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்பவர், வாக்குச்சாவடி அதிகாரியிடம் அதைச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பெட்டியில் போட்டவர்களின் விருப்பம் ரகசியம், மறுத்தவரின் மறுப்பு மட்டும் பூத் ஏஜென்ட்டுகள் முன்னால் பகிரங்கம். 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் இது ரகசியத்தை மீறுவதாகச் சொல்லி, இயந்திரத்திலேயே நோட்டா பொத்தான் வைக்கச் சொன்னது. கிரிட்டிக் பேட்ஜைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதிவேடுதான் ஞாபகம் வரும். வேண்டாம் என்று சொல்பவருக்கு மட்டும் எங்கேயும் ஏதாவது ஒரு கையெழுத்து தேவைப்படுகிறது.

காட்டுவதால் என்ன லாபம்

காட்ட வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் அதை அலட்சியமாகத் தள்ளவில்லை.

ஐம்பதாயிரம் புள்ளி வாங்கியவர் மற்றவர்களுக்கு மொத்தமே பன்னிரண்டு வாக்குதான் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் விருந்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதாமல் கிளம்புகிற ஆள் மாதிரி. இந்த எண் வெளியே தெரிந்தால் அவருக்கே கொஞ்சம் கூச்சம் வரும். வாக்கில் ஓடும் எந்திரத்துக்கு வாக்குப் போடுபவர்கள் வேண்டும். வாங்க மட்டும் வருபவர்கள் கூடிவிட்டால் நல்ல பதில் மேலே ஏறாது.

எண்ணைக் காட்டினால் நடத்தை மாறும் என்பதற்குச் சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2013-ல் இதே தளத்தின் தரவை எடுத்து, வாக்குப் போடுவதற்காகத் தரப்படும் பேட்ஜுகளை ஆராய்ந்தார்கள். 300 வாக்குப் போட்டால் ‘சிவிக் ட்யூட்டி’. கேள்விகளுக்கு மட்டும் 600 வாக்குப் போட்டு, அது மொத்தத்தில் கால் பங்காவது இருந்தால் ‘எலெக்டரேட்’. இலக்கு நெருங்க நெருங்க ஆட்கள் வேகவேகமாக அந்த வேலையைச் செய்தார்கள். கையில் கிடைத்ததும் வேகம் விழுந்துவிட்டது.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பேட்ஜ் வேலை செய்கிறது என்று ஒருவர் சொல்வார். எனக்கு வேறொன்று உறுத்துகிறது: இலக்கை எட்டுவதற்காக அவசரமாகப் போடப்பட்ட அந்த வாக்குகள், பதிவைப் படித்துப் போட்ட வாக்குகளா? தரத்தை அளக்கத்தான் வாக்கு. அதை எண்ணிக் காட்டிப் பாராட்ட ஆரம்பித்தால், எண்ணுக்காகவே போடுவார்கள். ஆனாலும் மொத்தத்தில் வாக்குப் பஞ்சத்தைவிட இது பரவாயில்லை என்று நினைக்கிறேன். இந்த லாபம் கிடைக்க மொத்த எண்ணிக்கை போதும். மேல் எத்தனை, கீழ் எத்தனை என்ற பிரிவு எதற்கு?

பிரிவைக் கேட்பவர்கள் சொல்வது, ஆளை எடைபோட வேண்டும் என்பது. பத்து டவுன்வோட்டுக்கு ஓர் அப்வோட் போடுபவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டாமா? தெரியாது என்பதுதான் என் பதில். தினமும் புதிய கேள்விகளின் வரிசையைப் பார்த்துக் குப்பையை ஒதுக்குபவரின் விகிதம் அப்படித்தான் இருக்கும். ஒதுக்க வேண்டியது அவ்வளவு வந்து சேர்கிறது. பழைய நல்ல பதில்களைத் தேடிப் படிப்பவரின் விகிதம் தலைகீழாக இருக்கும். இருவரும் ஒரே அளவு நியாயமானவர்களாக இருக்கலாம். துப்புரவு வேலை செய்பவரின் கை அழுக்காக இருக்கிறது என்று முகம் சுளிக்கிற மாதிரிதான் இந்த விகிதத்தை வைத்து ஆளை எடைபோடுவது.

பதிலுக்குப் பதில்

வாக்கு மேலா கீழா என்ற திசை தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈபேயைப் பார்க்கலாம். அங்கே வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பீடு எழுதுவார்கள். யார் யாருக்கு என்ன எழுதினார் என்பது பகிரங்கம். சரக்கு மோசம் என்று வாங்கியவர் எழுதினால், அடுத்த நிமிடம் விற்றவர் "மோசமான வாடிக்கையாளர்" என்று திருப்பி எழுதுவார். இதற்குப் பயந்து வாங்குபவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாருக்கும் எல்லாரும் நல்லவர்கள் ஆனார்கள். கடைசியில் 2008-ல் விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறை மதிப்பீடு தருவதையே ஈபே நிறுத்தியது. பயணிகளுக்கு வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி 2014-ல் வேறு வழி கண்டுபிடித்தது: இரு தரப்பும் எழுதி முடித்தால், அல்லது கெடு முடிந்தால்தான் இரண்டும் வெளியே தெரியும். மற்றவர் எழுதியதைப் பார்த்துவிட்டுப் பழிவாங்க வழியில்லை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விற்பனை கிடையாது, ஆனால் பழி உண்டு. தொடர் வாக்குகளை ரத்து செய்ய ஒரு நிரல் தினமும் ஓட வேண்டியிருக்கிறது என்பதே அதற்குச் சாட்சி. டவுன்வோட் வாங்கியவர் எப்படி நடந்துகொள்வார் என்று 2014-ல் நான்கு பெரிய இணையச் சமூகங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எதிர்மறை வாக்கு வாங்கியவர்கள் அடங்கிப்போகவில்லை. இன்னும் அதிகமாக எழுதினார்கள், எழுத்தின் தரம் இறங்கியது, மற்றவர்களுக்கும் எதிர்மறை வாக்கை அதிகம் போட ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் யார் போட்டார் என்று தெரியாமலே இவ்வளவு. இதில் கையில் ஒரு பெயரையும் கொடுத்தால்?

கமென்ட் பகுதியில் "ஏன் டவுன்வோட் போட்டீர்கள்?" என்று கேட்பது அந்தத் தளத்தின் தீராத வியாதி. காரணம் சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காரணம் எழுதியவர்தான் சந்தேகப் பட்டியலில் முதல் ஆள் ஆகிறார். கமென்ட் போட்டவர் வேறு, டவுன்வோட் போட்டவர் வேறு என்று எத்தனையோ தடவை இருந்திருக்கும். புரொஃபைலில் உள்ள எண் அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. விளைவு, அனுபவசாலிகள் சத்தமில்லாமல் கீழ் அம்பை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புதியவருக்கு −1 கிடைக்கிறது, என்ன தப்பு என்ற விளக்கம் கிடைப்பதில்லை.

பெயர் போட்டே வாக்களிக்கும் இடங்கள்

அதே தளத்தில் பகிரங்கமான வாக்கும் உண்டு: கேள்வியை மூடும் வாக்கு. 3,000 புள்ளிக்கு மேல் உள்ளவர்கள் போடலாம், மூடியவர்களின் பெயர் வெளியே தெரியும். இது முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் சரியான முடிவு. கேள்வியை மூடினால் அதற்கு யாரும் பதில் எழுத முடியாது. அடுத்தவர் மீது செலுத்தும் அதிகாரம் அது. அதிகாரம் செலுத்துபவர் பெயர் சொல்லத்தான் வேண்டும். பதில் நன்றாக இல்லை என்பது கருத்து. நீதிபதி தீர்ப்பில் கையெழுத்துப் போடுகிறார், வாக்காளர் சீட்டில் போடுவதில்லை.

விக்கிப்பீடியா இதில் இன்னும் சுவாரஸ்யம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவரை நிர்வாகி ஆக்குவதற்கு ஆதரவு, எதிர்ப்பு எல்லாம் கையொப்பத்தோடு நடந்து வந்தது. காரணம் சொல்லி வாதாட வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. அப்படிப்பட்ட சமூகமே நடுவர் குழுத் தேர்தலை 2009-ல் ரகசிய வாக்குக்கு மாற்றியது. 2024-ல் நிர்வாகிகளுக்கும் ரகசியத் தேர்தல் ஒன்றை நடத்திப் பார்த்தது. கையொப்பமிட்ட எதிர்ப்பு, வேட்பாளரைப் புண்படுத்துவதோடு நில்லாமல் எதிர்த்தவரையும் மாட்டிவிடுகிறது. பெயர் தெரிந்த இடத்தில் நல்ல ஆட்கள் போட்டியிடவே வருவதில்லை என்ற புலம்பல் அங்கே பல ஆண்டுகளாக உண்டு.

எக்ஸ் தளமும் 2024 ஜூனில் லைக்குகளை மறைத்தது. அதுவரை ஒருவர் எதையெல்லாம் லைக் செய்தார் என்பது அவர் புரொஃபைலில் தனித் தாவலாகவே இருந்தது. 2017-ல் ஓர் அமெரிக்க செனட்டரின் கணக்கிலிருந்து ஆபாச வீடியோவுக்கு லைக் விழுந்து, ஊழியர் தவறுதலாக அழுத்திவிட்டார் என்று விளக்கம் வந்ததெல்லாம் அந்தத் தாவல் காலத்துக் கதை. அது வெறும் எண் இல்லை, முழுப் பட்டியல். அதன் ஆபத்து வேறு அளவிலானது. 58,000 பேர் தாமாக முன்வந்து கொடுத்த ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்தே ஒருவரின் அரசியல் சார்பு முதல் பாலியல் நாட்டம் வரை பெருமளவு சரியாக ஊகிக்கலாம் என்று 2013-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

ரெடிட் என்ற விவாதத் தளத்தை விட்டு 2023-ல் பலர் குடிபெயர்ந்த லெம்மி என்ற மாற்றுத் தளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லெம்மியின் பக்கத்தில் யார் வாக்குப் போட்டார் என்று சாதாரணப் பயனருக்குத் தெரியாது. ஆனால் பல சேவையகங்கள் சேர்ந்த வலைப்பின்னல் என்பதால் வாக்கு பெயரோடுதான் ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்கிறது. அதே வலைப்பின்னலோடு இணைந்த கேபின் என்ற மென்பொருளோ, ஆதரவு வாக்குப் போட்டவர்களின் பெயரைப் பகிரங்கமாகவே காட்டியது. ஒரு வீட்டில் திரை போட்டிருக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. ரகசியம் என்று நம்பிப் போட்டவர்களுக்கு இது தெரியவந்தபோது ஏற்பட்ட கோபம் நியாயமானது. காட்டுவதாக முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

என் முடிவு

முழுவதும் மறைத்துவிடு என்று நான் சொல்லமாட்டேன். மொத்த வாக்கு எத்தனை என்பது இருக்கட்டும். மேல், கீழ் என்ற பிரிவு வேண்டாம். மொத்தத்தையும் துல்லியமாகக் காட்டத் தேவையில்லை. "1,200-க்கு மேல்" என்று நூறு நூறாக உருட்டிக் காட்டினால், பங்களிப்பும் தெரியும், 1,213 எப்போது 1,214 ஆனது என்று யாரும் உளவு பார்க்கவும் முடியாது. அவரவர் முழுக் கணக்கை, எந்தப் பதிவுக்கு என்ன போட்டேன் என்பது உட்பட, அவரவர் மட்டும் பார்க்கலாம். அது இப்போதே இருக்கிறது.

தளத்தின் பொதுத் தரவை யார் வேண்டுமானாலும் துழாவிப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது, வாரம் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதிலும் பயனரின் இரண்டு பத்திகள் அப்படியே இருக்கின்றன. அங்கே உருட்டாமல் புரொஃபைலில் மட்டும் உருட்டிப் பயன் இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு வேண்டும் என்று எதிர்வாதம் வரும். அவர்களுக்குத் தேவை போக்கு. இன்னாருடைய எண் தேவையில்லை. பெயருக்குப் பதில் ஒரு தற்காலிக அடையாளத்தைப் போட்டு, தனி அட்டவணையாகக் கொடுக்கலாம்.

ஒரு புள்ளி அபராதத்தை எடுக்க எனக்கு மனமில்லை. டவுன்வோட்டுக்கு ஒரு சின்ன விலை இருப்பது நல்லதுதான். அதை உடனே கழிக்காமல் வாரக் கடைசியில் மொத்தமாகக் கழித்தால் ரசீதில் நேரம் இருக்காது. மாதத்துக்கு ஒன்று போடுபவருக்கு அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, வாரத்தில் ஒன்று குறைந்தாலும் தெரியத்தான் செய்யும். ஆனால் பத்து நிமிடத்தில் மாட்டுவதற்கும் ஒரு வாரக் கூட்டத்தில் கலப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிரிட்டிக் பேட்ஜையும் அதே வாரக் கடைசிக்குத் தள்ளலாம், அல்லது வாங்கியவருக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். வேடிக்கைக்காக வைத்த பேட்ஜுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்டால், 125 புள்ளி சேர்த்து முதல் டவுன்வோட் போட்டு, அன்றே கமென்ட்டில் வசை வாங்கிய யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. சின்னச் சமூகங்களில் இந்த உருட்டலும் போதாது. நாளுக்கு நாலே பேர் வந்துபோகும் இடத்தில் யார் போட்டார் என்று எண்ணே இல்லாமல் கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே புரொஃபைல் கொடுக்கும் சாட்சியத்தையாவது குறைக்கலாம்: ஒருவர் நூறு வாக்குப் போடும்வரை அந்த இடத்தில் எண்ணே வேண்டாம், ஒரு கோடு போட்டு வைத்தால் போதும்.